களியக்காவிளை தாண்டினால் சோப்பு விலை குறையுமா? குமரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, கொல்லங்கோடு பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களிடம் அக்கம்பக்கத்தார் முதல் மாதமே ஒரு யோசனை சொல்லிவிடுவார்கள்: "மாசச் சாமான் வாங்கணும்னா பாறசாலைக்குப் போங்க, அங்கதான் லாபம்." சரி என்று கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்குப் போனால், அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நம் பக்கத்து எல்லை ஊரான களியக்காவிளைக்கு வருகிறவர்களைப் பார்க்கலாம். கேட்டால், தமிழ்நாட்டுப் பக்கம்தான் லாபம் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

ஒரு பொருளுக்குப் பொருந்துகிற பேச்சை நம்பி மொத்தப் பட்டியலையும் எல்லை தாண்டிக் கொண்டுபோவதில்தான் பணம் வீணாகிறது. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பொருளின் விலையை எல்லை மாற்றும், எதை மாற்றாது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். பிறகு யாருடைய யோசனையும் தேவைப்படாது.

முதலில் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

மாதச் சாமான் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 1, 2, 3 என்று குறியுங்கள்.

1: எம்.ஆர்.பி. அச்சடித்த பாக்கெட். சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, சலவைத்தூள், பிஸ்கட், டீத்தூள், மசாலாப் பொடி.

2: எடை போட்டோ எண்ணியோ விற்பது. காய்கறி, தேங்காய், மீன், கோழி, வாழைப்பழம், சில்லறை அரிசி, மில்லில் ஆட்டிய எண்ணெய்.

3: விலையையோ வரியையோ மாநில அரசு தீர்மானிப்பது. ஆவின், கேரளத்தின் மில்மா பால், ரேஷன் பொருள், கேரளத்தின் மாவேலி ஸ்டோர் மானியப் பொருள், பெட்ரோல், டீசல்.

முதல் வகைக்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவதில் ஊரும் பருவமும் பேசும். மாநில எல்லை உண்மையிலேயே விலையைப் பிரிப்பது மூன்றாவதில்தான்.

சோப்பும் பேஸ்டும்: எல்லையைப் பார்க்காதீர்கள், கடையைப் பாருங்கள்

"கேரளாவில் சோப்பு விலை குறைவு" என்கிற பேச்சு பழைய காலத்தது. 2017 ஜூலை 1க்கு முன்னால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மதிப்புக் கூட்டு வரி இருந்தது. ஒரே பொருளுக்கு இரு பக்கமும் வெவ்வேறு வரி இருக்க வாய்ப்பு உண்டு. ஜி.எஸ்.டி. வந்தபின் நாடு முழுக்க ஒரே விகிதம். நடுவில் ஒரே ஒரு விதிவிலக்கு: 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை முடிய, 5 சதவீதத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. உள்ள பொருள்களுக்குக் கேரளம் 1 சதவீதம் வெள்ள வரி வாங்கியது. அது முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்று ஒரு குளியல் சோப்புக்குப் பாறசாலையில் என்ன வரியோ, அதே வரிதான் மார்த்தாண்டத்திலும்.

எம்.ஆர்.பி. எல்லா வரியும் உள்ளடங்கிய விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தப்பு. குறைத்து விற்கத் தடை இல்லை. ஆகவே ஒரே சோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விலைக்குக் கிடைத்தால், அது கடைக்காரர் தன் லாபத்தில் விட்டுக்கொடுத்த தொகை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் மொத்தமாக எடுப்பதால் விட்டுக்கொடுக்க முடிகிறது. தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு அந்த வசதி குறைவு. இந்த வேறுபாடு நாகர்கோவிலுக்குள்ளேயே இரண்டு கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதைப் பிடிக்க எல்லை தாண்டத் தேவையில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று நடந்த வரிக் குறைப்பையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டால்கம் பவுடர், கட்டியாக வரும் குளியல் சோப்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பல் துலக்கும் பிரஷ்ஷும் 5 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் துணி துவைக்கும் தூளும் கை கழுவும் திரவ சோப்பும் 18 சதவீதத்திலேயே இருக்கின்றன. அதனால் பேஸ்டு விலை குறைந்ததே, சலவைத்தூள் ஏன் குறையவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். கைக்கு எடுக்கும் பாக்கெட்டில் தயாரித்த மாதத்தை மட்டும் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய சரக்கு என்றால், பழைய எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, பில்லில் குறைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்கலாம்.

கிராம் கணக்கு போடப் பழகுங்கள்

முதல் வகைப் பொருளில் காசு மிச்சமாவது இந்த ஒரு பழக்கத்தால்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பெனிகள் ஒரே சோப்பைப் பல எடையில் போடுகின்றன. ஒரு கடையில் 4 கொண்ட கட்டு இருக்கும், இன்னொன்றில் 5 கொண்ட கட்டு. பார்வைக்கு ஐந்துதான் லாபமாகத் தெரியும். பேச்சுக்கு ஒரு கணக்கு: 125 கிராம் சோப்பு 4 உள்ள கட்டு 180 ரூபாய், மொத்தம் 500 கிராம், கிராமுக்கு 36 காசு. 75 கிராம் சோப்பு 5 உள்ள கட்டு 150 ரூபாய். மொத்தம் 375 கிராம், கிராமுக்கு 40 காசு. இரண்டாவது கடையில் 10 சதவீதம் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் 135 ரூபாய் ஆகும். அப்போதும் கிராமுக்கு அதே 36 காசுதான். தள்ளுபடிப் பலகையைப் பார்த்து இன்னொரு ஊருக்குப் போனவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை மனதிலேயே போட வேண்டிய கட்டாயமும் இல்லை. பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் கிலோ கணக்கில் இருக்கும். சட்டப்படியே போட வேண்டிய விவரம் அது. சாஷே போன்ற சின்னப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. அங்கே மட்டும் செல்போன் கால்குலேட்டரை எடுங்கள்.

எல்லைக்கு இரு பக்கமும் இருக்கிற உண்மையான வித்தியாசம், எந்தச் சரக்கு அதிகம் கிடைக்கும் என்பது. சந்திரிகா மாதிரி கேரளத்தில் ஓடும் சோப்புகள், கேரா, நிர்மல் போன்ற தேங்காய் எண்ணெய்கள், கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவின் சபரி டீத்தூள் எல்லாம் அந்தப் பக்கக் கடைகளில் எல்லா அளவிலும் கிடைக்கும். தூத்துக்குடியின் வி.வி.டி. எண்ணெயும் நல்லெண்ணெய் வகைகளும் இந்தப் பக்கக் கடைகளில் தாராளம். பிடித்த பிராண்டுக்காகப் போவது நியாயம். விலைக்காக என்று சொல்லிக்கொண்டு போக வேண்டாம்.

அரிசி மூட்டையில் ஒரு நுணுக்கம்

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையுள்ள, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. தமிழ்நாட்டு அரிசி மில்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தது இதனால்தான். புதிதாக வந்தவர்கள் இங்குள்ள கடையின் 26 கிலோ மூட்டை விலையையும் இன்னொரு கடையின் 25 கிலோ மூட்டை விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். மூட்டை விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். கடையில் கண்முன்னே அளந்து தரும் சில்லறை அரிசிக்கும் வரி கிடையாது.

எந்த அரிசி என்பதும் முக்கியம். பொன்னி வகைகள் இந்தப் பக்கம் சரளம். சிவப்பு மட்ட அரிசிக்கும் ஆந்திராவிலிருந்து வரும் ஜெயா அரிசிக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகளில் தேர்ந்தெடுக்க நிறைய ரகம் உண்டு. குமரி மேற்கில் சிவப்புச் சோறு சாப்பிடுகிற வீடுகள் ஏராளம் என்பதால் மார்த்தாண்டம் சந்தையிலும் மட்ட அரிசி கிடைக்கும். இரண்டு இடத்திலும் ஒரு கிலோ வாங்கிப் பொங்கிப் பார்த்துவிட்டு மூட்டைக்குப் போங்கள்.

காய், தேங்காய், மீன், கோழி

திருவனந்தபுரம் பக்கத்துக்குப் போகும் காய்கறியில் பெரும்பங்கு தமிழ்நாட்டு லாரிகளில்தான் போகிறது. வழியில் இருக்கிற நமக்கு அந்த வண்டிச் செலவும் இறக்குக் கூலியும் குறைவு. அதனால் காய்கறிக்காக யாரும் மேற்கே போக வேண்டியதில்லை. நாகர்கோவில்காரர்களுக்கு வடசேரி உழவர் சந்தையும், மொத்தமாக வாங்குவோருக்கு ஒழுகினசேரி பக்கம் அப்டா மார்க்கெட்டும் இருக்கின்றன. பருப்பு, மிளகாய், மல்லி மாதிரி பலசரக்கை மொத்தமாக எடுக்கக் கோட்டாறு கம்போளத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொண்டால், எந்தத் தள்ளுபடிக் கடையையும்விட அது மேல் என்பது என் துணிபு.

தேங்காயில்தான் ஒப்பிடுவது கடினம். இங்கே கடைகளில் எண்ணிக்கைக்கு விற்பார்கள், கேரளத்தில் கிலோவுக்கு. "அங்கே தேங்காய் இவ்வளவாம்" என்று யாராவது சொன்னால் அது கிலோவா, ஒன்றா என்று கேளுங்கள். இங்கே வாங்கும் தேங்காயில் ஒன்றைத் தராசில் வைக்கச் சொல்லி எடையைத் தெரிந்துகொண்டால் நொடியில் ஒப்பிடலாம். ஈத்தாமொழித் தேங்காய் பக்கத்திலேயே விளைகிற மாவட்டத்தில், தோட்டக்காரர் யாராவது பழக்கமானால் இந்த ஒப்பீடே தேவைப்படாது.

தேங்காய் எண்ணெயிலும் இதே சிக்கல் உண்டு. பாக்கெட் லிட்டர் கணக்கு. மில்லில் பெரும்பாலும் கிலோ கணக்கு. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 910, 920 கிராம்தான் இருக்கும். ஆகவே ஒரே விலை சொன்னால் கிலோவுக்கு வாங்குவது லாபம். ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 1.09 லிட்டர் கிடைக்கிறது. 2025 நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது. அந்த மாதிரி நேரத்தில் சந்தை விலையைவிட ரொம்பக் குறைத்து யாராவது தந்தால் கை வைக்காதீர்கள். 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படம் கண்டு பல பிராண்டு தேங்காய் எண்ணெய்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. கேள்விப்பட்ட பெயரின் சாயலில் பெயர் வைத்த பாக்கெட்டுகளும் உலவுகின்றன. சமையலுக்கு வாங்கும் பாக்கெட்டில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்க வேண்டும். கண் முன்னால் கொப்பரை ஆட்டித் தரும் மில் உங்கள் ஊரில் இருந்தால் அதுவே நிம்மதி. எங்கள் வீட்டில் பாக்கெட் எண்ணெய் வாங்குவதை விட்டுவிட்டோம்.

மீனுக்கு எல்லையைவிடக் காலண்டர் முக்கியம். விசைப்படகுத் தடைக்காலம் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் வேறு வேறு. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கிற மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்திலும் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை கடைசி வரை தடைதான். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் இருப்பது நமக்கு வசதி: ஏப்ரல், மே மாதங்களில் குளச்சல் பக்கத்து மீனையும், ஜூன் நடுவுக்குப் பிறகு சின்னமுட்டத்து மீனையும் பார்த்து வாங்கலாம். தடை இருந்தாலும் வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளை, நெத்தோலி கிடைக்கும். இங்கே கூறு வைத்தும் எண்ணிக்கைக்கும் விற்பார்கள் என்பதால், புதியவர்கள் ஆரம்பத்தில் எடை போட்டு விற்கும் இடத்தில் வாங்கிக் கை பழகுவது நல்லது.

கோழிக் கடைப் பலகையில் எழுதியிருப்பது உயிர்க்கோழி விலையா, சுத்தம் செய்த கறி விலையா என்று கேட்காமல் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். உயிர் எடைக்குச் சொன்ன விலையைக் கறி விலை என்று நினைத்துத்தான் பலர் அந்தப் பக்கம் மலிவு என்கிறார்கள்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ஏத்தங்காய் (நேந்திரங்காய்), பலா எல்லாம் இரண்டு பக்கமும் விளைவது. போகிற வழியில் நல்லதாகக் கண்ணில் பட்டால் வாங்கலாம், தேடிப் போக வேண்டாம். மார்த்தாண்டம் தேன், மட்டிப் பழம், மாறாமலைக் கிராம்பு போன்றவை நம் பக்கத்துச் சொத்து. அவற்றை அந்தப் பக்கக் கடையில் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

பாலும் ரேஷனும்

ஆவினுக்கும் மில்மாவுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. 2021 மே மாதம் தமிழ்நாடு ஆவின் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2022 டிசம்பரில் மில்மா லிட்டருக்கு 6 ரூபாய் கூட்டியது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியதில், சாதாரண நீலப் பாக்கெட் பாலில் லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுக்கு வித்தியாசம் நின்றுவிட்டது. நாளைக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 300 ரூபாய். பாக்கெட் நிறத்தை வைத்து ஒப்பிடாமல் கொழுப்புச் சதவீதத்தைப் பாருங்கள். 3 சதவீதப் பாலை 4.5 சதவீதப் பாலோடு வைத்தால் கணக்கு கெட்டுப்போகும். எல்லை ஓரக் கடைகளில் சில இடத்தில் ஆவின் கிடைக்காது, தனியார் பால்தான் இருக்கும். அது மில்மா விலையை ஒட்டியே வரும். வீட்டுக்குப் பக்கத்தில் ஆவின் முகவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்வது, புதிதாக வந்தவர் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று.

ரேஷன் கார்டு சொந்த ஊரில்தானே இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கார்டு எந்த மாவட்டத்தில் இருந்தாலும், 2020 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் எந்த நியாய விலைக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய் என்கிற விலையில் வேறெங்கும் கிடைக்காது. எல்லை தாண்டிச் சேர்க்கும் எந்த மிச்சமும் இதற்குப் பக்கத்தில் வராது. கார்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கான கடைக்குப் போய், எந்தத் தேதியில் என்ன பொருள் வரும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மறுபக்கம் கேரளத்தின் சப்ளைகோ நடத்தும் மாவேலி ஸ்டோர்களில் 13 பொருள்கள் மானிய விலையில் உண்டு: பயறு, உளுந்து, துவரை, மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அரிசி வகைகள் என்று. 2024 பிப்ரவரியில் அந்த விலைகளைச் சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவாக இருக்கும்படி மாற்றியமைத்தார்கள். ஆனால் அந்த மானியம் கேரள ரேஷன் கார்டுக்குத்தான். நம்மிடம் அந்தக் கார்டு இல்லை. மானியம் இல்லாத மற்றப் பொருள்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அந்த விலையும் மோசமில்லை. நமக்குச் சேராத மானிய விலையைக் கேள்விப்பட்டு வண்டியைத் திருப்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போக்குவரத்துச் செலவை முதலில் கழியுங்கள்

பெட்ரோல், டீசலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மாநில வரிதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரல் முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை வாங்குகிறது. அதனால்தான் கேரள எண் போட்ட வண்டிகள் களியக்காவிளைப் பக்கம் வந்து பெட்ரோல் போட்டுப் போகின்றன. நீங்கள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு இரண்டு லிட்டர், அதாவது 200 ரூபாய்க்கு மேல். நாகர்கோவிலிலிருந்து என்றால் போய்வர 140 கிலோமீட்டர். 350 ரூபாய் ஆகும். உங்கள் சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் பில் மாதம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மாலில் இங்கிருப்பதைவிட 5 சதவீதம் கூடுதலாகத் தள்ளுபடி கிடைத்தாலும் மிச்சம் 60 ரூபாய்தான். 2021 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் லுலு மால் திறந்த பிறகு விடுமுறை நாள்களில் அங்கே போகும் குமரிக் குடும்பங்கள் கூடிவிட்டன. பிள்ளைகளோடு ஊர் பார்க்கப் போவது நல்லதுதான், போகட்டும். அந்தச் செலவைச் சாமான் கணக்கில் எழுதாமல் சுற்றுலாக் கணக்கில் எழுதுங்கள்.

பஸ்ஸில் போவோருக்குக் கணக்கு மாறும். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுப் பெண்கள் களியக்காவிளை வரைக்கும் செலவில்லாமல் போய்விடலாம். அதற்கு மேல் கேரள ஆர்டினரி பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 2022 மே முதல் 10 ரூபாய். களியக்காவிளை, பனச்சமூடு, ஊரம்பு மாதிரி எல்லை ஊர்களிலேயே குடியிருப்பவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை. இரு மாநிலக் கடைகளும் கூப்பிடு தூரம். இந்த வழிகாட்டியால் அதிகம் பயன்பெறப்போவது அவர்கள்தான்: பாலும் காயும் இந்தப் பக்கம், மட்ட அரிசி அந்தப் பக்கம் என்று நடந்தே பிரித்து வாங்கலாம்.

அந்தப் பக்கக் கடைக்குப் போகும்போது சில பெயர்கள் தெரிந்தால் போதும்: சவாள என்றால் பல்லாரி (பெரிய வெங்காயம்), உள்ளி என்றால் சின்ன வெங்காயம், பஞ்சசார என்றால் சீனி, வெளிச்செண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். மற்றபடி பாறசாலை வரை தமிழிலேயே பேசலாம்.

துணிப்பை கட்டாயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு.

எந்த மாதம் எதை வாங்குவது

ஆவணியில் ஓணம் நெருங்கும் இரண்டு வாரம் காய்கறி, ஏத்தன் குலை, தேங்காய், பூ எல்லாம் ஏறும். திருவோணம் குமரியிலும் பெரிய நாள். உள்ளூர் விடுமுறையே விடுவார்கள். லாரிகள் மேற்கே போவதால் நம் சந்தையிலும் சரக்கு குறையும். தோவாளையில் பூ விலை அந்த வாரம் தலைகால் புரியாமல் ஏறும். கெடாத பொருள்களை ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பே எடுத்துவையுங்கள். அதே நாள்களில் கேரள அரசு நடத்தும் ஓணச் சந்தைகளில் மானியம் இல்லாத பொருள்களுக்கும் தள்ளுபடி போடுவதுண்டு. எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் அப்போது ஒரு நடை போய்ப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் நேரத்தில் இறைச்சியும் கேக் சாமானும் ஏறும்; அதற்கும் இதே யோசனைதான்.

எதைக் கொண்டுபோகக் கூடாது

வீட்டுக்கு வாங்கிய பலசரக்கை எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் கேட்கமாட்டார்கள். ரேஷன் அரிசி அப்படி இல்லை. களியக்காவிளை வழியாக ரேஷன் அரிசியைக் கேரளத்துக்குக் கடத்துவது பழைய பிரச்சினை. குடிமைப் பொருள் புலனாய்வுத் துறையினர் தொடர்ந்து பிடிக்கிறார்கள். "அரிசி வேண்டாம்னா குடுங்க, காசு தரேன்" என்று யாராவது வாசலில் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். அது ஏழை வீட்டு அடுப்புக்கு வந்த அரிசி. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மதுபானத்துக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். எல்லை தாண்டிக் கொண்டுவரவே வேண்டாம்.

பில்லும் புகாரும்

எல்லை தாண்டி வாங்கும்போது பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். பொருள் கெட்டிருந்தால் மாற்ற மறுபடி அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதால், முத்திரை உடைந்திருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால், குளிரூட்டிய செலவு என்று காரணம் சொன்னாலும், அது செல்லாது. கன்னியாகுமரி கடற்கரை மாதிரி சுற்றுலா இடங்களில் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானத்துக்கும் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பாட்டிலைப் படம் எடுங்கள், பில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். நேரில் புகார் கொடுக்கப் போனால் அலுவலகம் மாறும்: தமிழ்நாட்டில் எடை, அளவு, எம்.ஆர்.பி. விவகாரங்களைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. கேரளத்தில் அதற்கென்று லீகல் மெட்ராலஜி துறை தனியாக இருக்கிறது. கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து அலுவலகத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும். எல்லை ஊர்களில் அடுத்தடுத்த கட்டடங்கள் வேறு மாநிலமாக இருக்கும் என்பதால், பில்லில் அச்சிட்ட முகவரியையும் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தையும் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம்.